பாடிப் போனவள்

பள்ளி மைதானத்தில் அன்று ஒரு ஆள் குறைந்தது. பக்கத்துக்கு ஏழு பேராக நின்று பழக வேண்டிய பெண்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். மகள் ரோஜாவை வீட்டுக்கு அழைத்துப் போக வந்த தேவயானி ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே அவர்கள் முடிப்பதற்காகக் காத்திருந்தாள். காலையிலிருந்து பவர்லூம் முன்னால் நின்ற கால்கள், கெண்டைச் சதை இரண்டும் கல்லாக இறுகிக் கிடந்தன. வீட்டுக்குப் போய் வெந்நீர் ஊற்றிக்கொண்டால் போதும் என்றிருந்தது. ரோஜா ஓடி வந்து, ஆள் கணக்குக்குச் சும்மா நின்றால் போதும், யாரும் மேலே விழ மாட்டோம் என்று கெஞ்சியபோது, நாற்பத்திரண்டு வயதில் இது என்ன கூத்து என்று தேவயானி முதலில் தலையாட்டி மறுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே போய் மூலையில் நின்றாள்.

கொஞ்ச நேரம் உண்மையாகவே சும்மாதான் நின்றாள். ரோஜாவின் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அவுட்டாகி வெளியே போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் ரோஜாவும் போனாள். திரும்பிப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் தேவயானி ஒருத்திதான் மிச்சம். எதிர்ப் பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். அந்தச் சிரிப்புதான் தேவயானியைக் கிளப்பியது. கோட்டைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டு, மூச்சை இழுத்துக் கட்டி, 'கபடி கபடி கபடி' என்று பாடிக்கொண்டு உள்ளே போனாள்.

இருபத்து மூன்று வருஷமாக அந்தச் சொல் அவள் வாயில் வந்ததில்லை. ஆனால் கால்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. இடது பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்து வலது பக்கம் திரும்பினாள். கை நீண்டு ஒருத்தியின் முழங்கையைத் தட்டியது. பின்னால் வந்து இடுப்பைப் பிடிக்கப் பார்த்தவளை, குனிந்த வாக்கில் குதிகாலால் தொட்டுவிட்டு, மண்ணில் நெஞ்சு உரச விழுந்து கையைக் கோட்டுக்கு அப்பால் நீட்டினாள். பிறகு அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டார்கள். தேவயானி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். நெஞ்சு தறியைப்போல அடித்துக்கொண்டது, சிரிப்பு அடங்கவில்லை. ஸ்கூட்டியில் போகும்போதும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள். பின்னால் உட்கார்ந்திருந்த ரோஜா அவள் தோளில் தாடையை வைத்து மெல்லக் கேட்டாள்.

"அம்மா, இவ்ளோ நாளா நீ எங்கம்மா இருந்த?"

மறுநாள் காலை தேவயானியால் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. தொடை, இடுப்பு, தனக்கு இருப்பதே தெரியாத விலா எலும்புகள், எல்லாம் ஒன்றுசேர்ந்து முறையிட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவளைப் பார்த்துக் கணவன் மணிவேல், இந்த வயதில் குரங்காட்டம் எதற்கு என்று கேட்டான். அவன் நல்லவன்தான். அப்பா விட்டுப்போன தறிகளை விற்காமல் ஓட்டிக்கொண்டிருப்பவன். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதை மட்டும் வீட்டுக்குள் வந்து வேளை தவறாமல் சொல்லிவிடுவான். தேவயானி நொண்டிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது. தறியில் நின்று வருகிற வலி அவளுக்கு நன்றாகத் தெரியும், அது பாரம் தூக்குகிற வலி, நாளுக்கு நாள் கூடுமே தவிர எதையும் தராது. இது வேறு. பூட்டிக் கிடந்த ஒரு அறையைத் திறந்து, சாமான்களை எல்லாம் இழுத்து வெளியே போட்டதுபோல இருந்தது. சாயங்காலம் மறுபடி மைதானத்துக்குப் போனாள்.

இரண்டு வாரம் கழித்து ரோஜாதான் சேதி கொண்டுவந்தாள். சங்கராந்திக்குச் சித்தூரில் இளைஞர் சங்கம் ஒன்று விளையாட்டுப் போட்டி நடத்துகிறது. அதில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் கபடி உண்டு. செல்போனில் அந்த அறிவிப்பைப் படித்ததும் தேவயானிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அன்றைக்கே ஓரகத்தி கோதையைப் பிடித்தாள். கோதைக்கு ஓட வராது, ஆனால் ஒருமுறை கணுக்காலைப் பிடித்துவிட்டால் விடமாட்டாள். கோதையை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் டிபன் கடை வைத்திருக்கும் வரலட்சுமியிடம் போனாள். வரலட்சுமி மாவுக் கிரைண்டர் கல்லைத் தனியாளாகத் தூக்கி வைக்கிறவள். இட்லியைத் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "எப்ப வரணும்?" என்றாள். அவ்வளவுதான். தறித் தெருக்களிலிருந்து இன்னும் ஆறேழு பேர் சேர்ந்தார்கள். ஒருத்திக்குச் சர்க்கரை, இன்னொருத்திக்கு முதுகு வலி, டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். நடப்பதற்குப் பதிலாகக் கபடி ஆடினால் என்ன தப்பு என்று அவள் கேட்டாள்.

விடிந்தும் விடியாத நேரத்தில், தறிகள் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆடினார்கள். பனியில், ஊரை ஒட்டி நிற்கும் மூக்கு மலையின் நுனி மட்டும் தெரியும். ஆந்திர எல்லையோரத்து நகரி ஊருக்கு அந்த நேரத்தில் வேறு சத்தம் கிடையாது. பெண்களின் பாட்டும், விழுகிற சத்தமும், விழுந்துவிட்டுச் சிரிக்கிற சத்தமும் மட்டும் சுற்றுச்சுவரைத் தாண்டிக் கேட்டன. முதல் வாரம் மணிவேல் டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டான். அப்புறம் ஒருநாள் பால் பாக்கெட்டோடு சுவர் ஓரம் நின்று எட்டிப் பார்த்திருக்கிறான். பார்த்தது தெரியக்கூடாதென்று சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஆனால் அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவனால் அடக்க முடியவில்லை. அந்த மூன்று பேரும் சேர்ந்து பிடித்தபோது நீ எப்படி நழுவினாய் என்று கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு டீக்கடையில் அவனைப் பேசாமல் நிறுத்த ஆளில்லை. 'எங்க வூட்டுக்காரி கோடு தாண்டி கை வச்சான்னா மூணு பேரு அவுட்டு' என்று அவன் சொல்லிக்கொண்டு திரிவதாகக் கோதை வந்து சொன்னபோது, தேவயானிக்குக் கல்யாணமான புதிதில்கூட வராத வெட்கம் ஒன்று வந்தது.

உடம்பு என்பது இப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்து போயிருந்தாள். பசி எடுத்துச் சாப்பிட்டாள். படுத்ததும் தூங்கினாள். மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினாள். எல்லோரும் மூன்று சுற்று ஓடினால் அவள் ஆறு சுற்று ஓடினாள். காலையில் ஆடியது போதாமல் சாயங்காலம் ரோஜாவின் கூட்டத்தோடும் ஆடினாள். ஒருநாள் விட்டாலும் இது கையை விட்டுப் போய்விடும் என்று பயமாக இருந்தது. இருபத்து மூன்று வருஷத்தை இரண்டு மாதத்தில் பிடித்துவிட வேண்டும் போலிருந்தது. அந்த வேகத்தில்தான் ஒரு சனிக்கிழமை கோதையை இழுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போனாள். அலிபிரியில் படியைத் தொட்டு வணங்கி ஏற ஆரம்பித்தவள், பாதி வழியில் எல்லோரும் இளைப்பாறுகிற காலி கோபுரத்தில்கூட நிற்கவில்லை. காலேஜ் பையன்களைத் தாண்டிக்கொண்டு போனாள். மேலே தரிசனம் முடித்து, லட்டு வாங்கி, எல்லோரும் பஸ்ஸில் இறங்குவதைப் பார்த்துவிட்டும், ஏறினவளுக்கு இறங்கத் தெரியாதா என்று படி வழியாகவே ஓட்டமும் குதிப்புமாக இறங்கினாள். கோதை பஸ்ஸில் வந்து கீழே காத்திருந்தாள். கடைசி வளைவில் தேவயானி கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி வருவதைப் பார்த்து எழுந்து நின்றாள்.

மறுநாள் வலது முழங்கால் பலாக்கொட்டை முளைத்ததுபோல் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மடக்க வரவில்லை. சங்கராந்திக்கு மூன்று வாரம் இருந்தது.

யாரிடம் கேட்பது என்று யோசித்தபோது செல்வியின் ஞாபகம் வந்தது. சொல்லப்போனால், அந்த ஞாபகம் எப்போதும் இருந்ததுதான். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒன்றாக ஆடினார்கள். இடது பக்கம் செல்வி பாடினால் வலது பக்கம் தேவயானி. மாவட்ட அணிக்கு இரண்டு பேரையும் எடுத்தார்கள். தேவயானிக்குக் கல்யாணம் நிச்சயமானது. செல்வி மாநில அணிக்கு ஆடினாள், விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வேயில் வேலை வாங்கினாள், ரயில்வே அணிக்கு ஊர் ஊராகப் போய் ஆடினாள். பேப்பரில் அவள் படம் வந்த நாட்களில் தேவயானி தறிக்கு நூல் போட்டுக்கொண்டிருப்பாள். எனக்கு வர வேண்டிய வாழ்க்கையை அவள் வாழ்கிறாள் என்று ஒருமுறை அல்ல, பலமுறை நினைத்திருக்கிறாள்.

பக்கத்து ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் ஏறி, செல்வி இப்போது வேலை பார்க்கும் ரேணிகுண்டாவில் இறங்கினாள். செல்வி பணி முடிந்து வருவதாகச் சொன்ன நேரத்துக்கு மேம்பாலத்தின் அடியில் நின்றாள். மேலிருந்து கூட்டம் இறங்கி வந்தது. கூட்டம் வடிந்த பிறகு ஒருத்தி மட்டும் மிச்சமிருந்தாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலைக் கீழே வைத்து, மறு காலை அதே படியில் கொண்டுவந்து சேர்த்து, அப்புறம் அடுத்த படி. யாரோ வயதானவர்கள் என்று நினைத்து உதவிக்குப் போன தேவயானி, பாதி வழியில்தான் அந்த முகத்தை அடையாளம் கண்டாள்.

பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள். செல்வி சிரித்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு முழங்காலிலும் சவ்வு தேய்ந்துவிட்டது, தரையில் உட்கார்ந்து வருஷக்கணக்காயிற்று, ஆபரேஷனுக்கு வயது போதாது, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்கிறார்கள். பிறகு தேவயானியின் புடவையை முழங்கால்வரை ஒதுக்கி, வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"உயிர் போவுதுடி."

"நல்லது" என்றாள் செல்வி. "எனக்கு வலிக்கவே வுடல. வலின்னு சொன்னா ஒரு ஊசி. போட்டா பறவ மாதிரி ஆடலாம். எந்த மேட்ச்சுல என் முட்டி போச்சின்னு எனக்கே தெரியாது, தேவி. வலிக்கலன்னா எப்படித் தெரியும்?"

சென்னைக்குப் போகும் ரயில் ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. தேவயானி மூன்று வாரத்தில் கால் சரியாகுமா என்பதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். கேட்டாள். செல்வி பதிலுக்கு வேறொன்றைக் கேட்டாள்.

"இந்த ஒரு மேட்ச்சுக்கா? இல்ல, அப்பாலயும் ஆடப் போறியா?"

இதைத் தேவயானி யோசித்ததே இல்லை. சங்கராந்திக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே அவள் நினைக்கவில்லை. திரும்பி வருகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை யோசித்தாள். ஐம்பது வயதில் பாடிப் போக முடியுமா? அறுபதில்? அறுபதில் நரைத்த தலையோடு கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு உள்ளே போவதை நினைத்ததும் அவளுக்குச் சிலிர்த்தது. போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்பதைவிட இது பெரிய ஆசையாக, சொன்னால் ஜனங்கள் சிரிக்கக்கூடிய ஆசையாக இருந்தது. புத்தூர் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வீக்கம் வடியும்வரை ஆடக்கூடாது என்று செல்வி சொல்லியிருந்தாள். பிறகும் ஒருநாள் ஆடினால் ஒருநாள் சும்மா இருக்க வேண்டும், சும்மா இருக்கிற நாளில்தான் சதை கூடும், ஓடுகிற நாளில் தேயத்தான் செய்யும். படி ஏறலாம், இறங்கக் கூடாது. தினமும் செல்வி கட்டிலில் படுத்தபடி செய்கிற பயிற்சியையும் பெஞ்சிலேயே காலை நீட்டிக் காட்டியிருந்தாள். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும், தொடை இறுக வேண்டும், விட வேண்டும். இது ஒரு பயிற்சியா என்று முதல்நாள் தேவயானிக்கு அழுகை வந்தது. மைதானத்துச் சத்தம் வீடுவரை கேட்டது. அங்கே எல்லோரும் ஆட, இவள் கட்டிலில் துண்டை அழுத்திக்கொண்டு கிடந்தாள். ஆனால் நாள் போகப் போக ஒன்றைக் கவனித்தாள். தொடையின் உள்பக்கம் ஒரு சதை, அதுவரை தூங்கிக் கிடந்தது, விரல் வைத்தால் துள்ளியது. தறியில் நிற்கும்போது ஒரு காலில் சாயாமல் இரண்டு காலிலும் சமமாக நிற்கப் பழகினாள். வீக்கம் வடிந்தது. மறுபடி ஆடப் போனாள், பாதி வேகத்தில். பாதி வேகத்திலும் பாடிப் போக முடிகிறது, அவசரப்படாதபோது எதிராளியின் கால் எங்கே போகப்போகிறது என்பது முன்னாலேயே தெரிகிறது என்று கண்டுகொண்டபோது, அவளுக்குப் புதையல் கிடைத்ததுபோல் இருந்தது. அன்று கோதையை நிறுத்தி வைத்து அதை அரைமணி நேரம் விளக்கினாள்.

போட்டிக்கு முதல்நாள் மணிவேல் ஒரு கம்பவுண்டரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். தோல்பையும் சிரிப்புமாக வந்த அந்த ஆள், ஒரே ஒரு ஊசி, நாளைக்கு முழுக்க முட்டி இருப்பதே தெரியாது என்றார். மணிவேலின் முகத்தில் அவ்வளவு ஆசை. ஊரில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருக்கிறான், இரண்டு வேன் ஜனம் வருகிறது. தேவயானிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. அந்த ஆளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். பிறகு கணவனிடம் சொன்னாள்.

"முட்டி இருக்கறது தெரியணும்யா எனக்கு."

சித்தூர் மைதானத்தில் சங்கராந்தி வெயில் இதமாக விழுந்திருந்தது. மைக்கில் ஒருவர் தெலுங்கில் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார். செல்வியும் வந்திருந்தாள், கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நகரிப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி மெரூன் டீசர்ட் போட்டிருந்தார்கள். வரலட்சுமிக்கு மட்டும் அளவு கிடைக்காமல் அவள் மகனுடைய சட்டை. முதல் ஆட்டத்தில் எதிராளிகளை ஊதித் தள்ளினார்கள். தேவயானி ஒரு பாட்டு விட்டு ஒரு பாட்டுதான் போனாள். போன ஒவ்வொரு முறையும் ஒரு ஆளையாவது தொட்டுவிட்டு வந்தாள். மணிவேலின் குரல் கூட்டத்தில் தனியாகக் கேட்டது. சத்தம் போட்டுப் பேசத் தெரியாத ஆளென்று இத்தனை வருஷம் நினைத்திருந்தோமே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

இறுதி ஆட்டம் கங்காதர நெல்லூர்ப் பெண்களோடு. கரும்புக் காட்டில் கட்டுத் தூக்குகிறவர்கள், பிடித்தால் இரும்புப் பிடி. புள்ளிகள் மாறி மாறி ஏறின. கோதை ஒருத்தியின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாக இழுபட்டுப் போனாள், விடவில்லை. வரலட்சுமி இருவரை ஒரே அணைப்பில் வெளியே தள்ளினாள். தேவயானி முறை வைத்துப் போவதை மறந்துபோனாள். போனாள், தொட்டாள், வந்தாள், மறுபடி போனாள். மூச்சு கட்டிப் பாடும்போது காதுக்குள் தன் குரல் மட்டுமே கேட்டது. உடம்பில் ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல் அத்தனையும் விழித்திருந்தது. இதற்காகத்தான், இதற்காகத்தான் என்று அவளுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது.

நகரி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது எதிராளி பாடி வந்து வெறுங்கையோடு திரும்பினாள். ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருந்தது. தேவயானி கோட்டை நோக்கித் திரும்பியபோது முழங்காலுக்குள் ஏதோ நழுவியது. வலி இல்லை. கதவின் கீல் ஒன்று தடத்தை விட்டு விலகி மறுபடி உட்கார்ந்ததுபோல் ஒரு சின்ன நழுவல். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. கூட்டம் 'தேவயானி, தேவயானி' என்று கத்தியது. மைக்கும் அவள் பெயரைச் சொன்னது. அவள் காலை ஊன்றிப் பார்த்தாள். நின்றது. ஓடினால் ஓடும். ஒரு பாட்டு தாங்கும். ஒருவேளை தாங்கும்.

கையைத் தூக்கி டைம் அவுட் கேட்டாள். தன்னை மாற்றச் சொன்னாள். நடுவருக்கே புரியவில்லை, இரண்டு முறை கேட்டார். வரலட்சுமி வந்து அவள் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணுக்கா. ஒரே ஒரு பாட்டு. வாழ்நாள்ல இன்னா கேட்டேன் உன்ன?"

"கோதை போவட்டும்" என்றாள் தேவயானி. "இப்ப போனா என் முட்டி போயிடும், வரலட்சுமி. நாளைக்கும் ஆடணும் நானு."

கோதை அதுவரை பாடிப் போனவளே அல்ல. முகம் வெளுத்துப்போய் கோட்டைத் தாண்டினாள். குரல் கிறீச்சிட்டது. இருந்தும் ஒருத்தியின் கையைத் தொட்டேவிட்டாள். கூட்டம் எழுந்தது. திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் இடுப்பைப் பிடித்தது. கோதை விழுந்து நீட்டிய விரலுக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு உள்ளங்கை அகலம் மண் இருந்தது.

தேவயானி கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியிலிருந்த செல்வி பக்கத்து நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். இருவரும் கொஞ்ச நேரம் எதிராளிகள் ஒருவரையொருவர் தூக்கிச் சுற்றுவதைப் பார்த்தார்கள்.

"நானா இருந்தா போயிருப்பேன்" என்றாள் செல்வி. அப்புறம், கண்ணை மைதானத்திலிருந்து எடுக்காமல், "இப்பவும்" என்றாள்.

அது பாராட்டா, குற்றச்சாட்டா என்று தேவயானிக்குத் தெரியவில்லை. செல்வியின் இரண்டு கைகளும் தன் முழங்கால்கள்மேல் இருந்தன. மணிவேல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். ஏதாவது சொல்வான் என்று தேவயானி காத்திருந்தாள். அவன் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, முழங்காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, உள்ளங்கையை மெல்ல வைத்துப் பார்த்தான். கத்திக் கத்தி அவன் தொண்டை கட்டியிருந்தது.

"வீங்கல" என்றான்.

திரும்பி வரும் வழியில் கங்காதர நெல்லூரில் சாலையை மறித்துப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். வேனை அடையாளம் கண்டு ஜெயித்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுடைய கேப்டன் ஜன்னல் வழியாக ஒரு கட்டுக் கரும்பை உள்ளே திணித்து, "வச்சே ஏடு ரண்டி அக்கா" என்றாள். அடுத்த வருஷமும் வந்தாக வேண்டும் என்று தேவயானியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வேன் புறப்பட்டதும் எல்லோரும் கரும்பைக் கடித்தார்கள். கோதைக்கு ஒரே பேச்சு. தான் தொட்டதை, தொட்ட கை எப்படி வியர்த்திருந்தது என்பதை, திரும்பத் திரும்பச் சொன்னாள். தோற்றதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வரலட்சுமி மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். தேவயானி நீட்டிய கரும்பை வாங்கவில்லை. நகரியில் இறங்கியபோதும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கடையைப் பார்த்து நடந்தாள்.

பொங்கல் போய், கோயில் திருவிழாக் கொட்டெல்லாம் ஓய்ந்து, தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. தேவயானி கட்டிலில் துண்டை அழுத்தினாள், இரண்டு காலிலும் சமமாக நின்றாள். டீக்கடையில் யாரோ, ஜெயிக்கிற நேரத்தில் பயந்து ஓடிவிட்டாள் என்று சொன்னதும், மணிவேல் அவரோடு சண்டைக்குப் போனதும் அவள் காதுக்கு வந்தன. போட்டி முடிந்துவிட்டது, இனி யார் அந்தப் பனியில் எழுந்து வரப்போகிறார்கள் என்று கோதையே கேட்டாள். வராவிட்டால் தனியாக நடந்துவிட்டு வருகிறேன் என்று ஒரு திங்கட்கிழமை விடியலில் தேவயானி கிளம்பினாள்.

மைதானம் காலியாக இருந்தது. ஓரமாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். மண் குளிர்ந்து, காலடியில் மெத்தென்று இருந்தது. முழங்காலில் கவனம் வைத்து நடந்தாள். சத்தமில்லை, நழுவலில்லை, ஒழுங்காக மடங்கி ஒழுங்காக நிமிர்ந்தது. கை வீசி வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள். உள்ளுக்குள் அந்தப் பழைய துள்ளல் மெல்லத் தலை நீட்டியது, இன்றைக்கு வேண்டாம் என்று அதைத் தட்டிக்கொடுத்தாள். இரண்டாவது சுற்றில் எதிர்ப்பக்கமிருந்து யாரோ நடந்து வருவது பனியில் தெரிந்தது. பெரிய உருவம், தலையில் மப்ளர். வரலட்சுமி. தேவயானி வலமாகச் சுற்றினால் அவள் இடமாகச் சுற்றினாள். ஒருவரையொருவர் தாண்டிப் போகும்போது இட்லி மாவின் புளிப்பு வாசனை வந்தது. மறுமுறை தாண்டியபோது வரலட்சுமி அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள்.

வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கேட்டில் சைக்கிள் மணி ஒன்று கேட்டது. யாரோ சிரித்தார்கள், கோதையின் சிரிப்பு போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. தேவயானி சுற்றி வந்து முதலில் தொடங்கிய இடத்துக்கு வந்தபோது, அவளுடைய ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் வரலட்சுமியின் அகலமான செருப்பு இருந்தது. அதற்கும் பக்கத்தில், புதிதாக ஆட வந்த யாரோ ஒருத்தி கழற்றி வைத்த, அவள் இதுவரை பார்த்திராத, பச்சை வார் வைத்த ஒரு ஜோடிச் செருப்பு, சேறு காயாமல், வாசலைப் பார்த்துத் திரும்பியபடி கிடந்தது.